முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் ஒரே அஞ்சலை ஆன ஞாயிறு

போன மார்கழிப் பௌர்ணமிக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை 5.40க்கு விழுப்புரத்தில் கிளம்பி, திண்டிவனம், திருவக்கரை, மறுபடி திண்டிவனம், அங்கிருந்து கண்டாச்சிபுரம், கெடார் என்று சுற்றி, மாலை 6.50க்குக் கடைக்குத் திரும்பினேன். வண்டி மீட்டரில் 203 கிலோமீட்டர். ஒரு சர்வரில் இருந்த பெயர்களைத் தேடிப் போன பயணம் இது. கடை மென்பொருளை ஒரு ஹோஸ்டிங் கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற நினைக்கிற வியாபாரிகள் நிறைய பேர் எனக்கு எழுதிக் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். என் பக்கத்துத் தவறுதான் இதில் அதிகம்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு: விழுப்புரத்தில் விதை, உரக் கடை வைத்திருக்கிறேன். திண்டிவனத்தில் ஒரு கிளை. அதற்கு முன் ஆறு வருடம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கினேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, பின்னால் தேவைப்படும்.

எங்களிடம் மூன்று மென்பொருள்: பில் போடுவது, கிடங்கு இருப்பு, வாடிக்கையாளர் பதிவு. மூன்றும் பதினோரு வருடமாகத் திண்டிவனத்தில் ராமலிங்கம் அண்ணன் வீட்டு மாடியில் ஒரு சர்வரில் ஓடிக்கொண்டிருந்தன. அந்த மனிதர் ஒற்றை ஆளாக எங்களைப் போல ஏழெட்டுக் கடைகளுக்கு இடம் கொடுத்து வந்தார். அறுபத்து மூன்று வயது. மனைவிக்கு முழங்கால் வலி, மகள் ஓசூரில். வீட்டை விற்றுவிட்டுப் போகிறேன், டேட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஐப்பசியிலேயே சொல்லிவிட்டார். சென்னையில் ஒரு பெரிய கம்பெனியைப் பிடித்தோம்; சர்வரோடு புதிய மென்பொருளும் அவர்களுடையது. அவர்கள் தரப்பில் பிரியா என்ற பெண் எங்கள் வேலையைக் கவனித்தார். நல்ல திறமைசாலி. அவர் மேல் எனக்கு இன்றைக்கும் குறை இல்லை.

இந்த இடத்தில் நான் இரண்டு கெட்டிக்காரத்தனம் செய்தேன்.

வாடிக்கையாளர் பட்டியல் என்பது விதைக்கடைக்காரனுக்குச் சொத்து. எந்த ஊரில் யார் எத்தனை மூட்டை வாங்குகிறார் என்பது போட்டிக் கடைக்காரர் கையில் கிடைத்தால் நான் தொலைந்தேன். அதனால், டேட்டா போய்ச் சேர்ந்தது என்று நான் கையெழுத்துப் போட்டவுடன் பழைய சர்வரிலும் அழிக்க வேண்டும், மாற்றும்போது புதிய கம்பெனி எடுத்த நடுவழிப் பிரதியையும் அழிக்க வேண்டும் என்று இரண்டு பக்கமும் எழுதி வாங்கினேன். அடுத்து, பழைய இடத்துக்கு இன்னும் ஒரு மாத வாடகை 6,500 ரூபாய் எதற்கு என்று, மாதம் முடிவதற்குள் வேலையை முடிக்க அவசரப்படுத்தினேன். வெள்ளிக்கிழமை உட்கார்ந்து சரிபார்த்தோம். பில் மொத்தம் பைசா மாறாமல் நின்றது. கிடங்கு இருப்பு மூட்டை மாறாமல் நின்றது. மாலை ஐந்து மணிக்குக் கையெழுத்துப் போட்டேன். ஆள் எண்ணிக்கையைப் பார்க்கவில்லை. பணமும் சரக்கும் சரியாக இருந்தால் வேறு எதைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம்.

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு ஈரச்சாக்கைப் பிரித்தேன். எங்கள் கடையில் ஒரு பழக்கம் உண்டு. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விதை லாட் வந்தால், அரசாங்கச் சான்று இருந்தாலும், நூறு விதையை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வைப்போம். எத்தனை முளைக்கிறது என்று பார்த்த பிறகுதான் விற்பனை. இந்தத் தடவை மழை முன்னதாகவே விட்டுவிட்டது. கழனியில் ஈரம் இருக்கும்போதே விதைக்க வேண்டும் என்று திங்கட்கிழமையே கூட்டம். சாக்கில் வைத்த கையோடு விற்கவும் ஆரம்பித்துவிட்டோம். பதினேழாம் லாட், 160 மூட்டை, வெள்ளிக்கிழமையோடு காலி.

சாக்கில் நூற்றுக்கு முப்பத்தெட்டுதான் முளைத்திருந்தது. குறைந்தது எழுபது முளைக்க வேண்டும். இதை விதைத்தால் கழனி சொட்டை சொட்டையாகத்தான் நிற்கும். விதை போய், உழவுக்கூலி போய், ஈரமும் போன பிறகுதான் விவசாயிக்கே தெரியவரும். சொந்த நிலமும் போர் கிணறும் இருக்கிறவர் சமாளிப்பார். அரை ஏக்கர் குத்தகை எடுத்தவருக்கு அந்தப் பட்டத்து விளைச்சலே போய்விடும், குத்தகைப் பாக்கி மட்டும் நிற்கும்.

பதறவில்லை. புதிய மென்பொருளில் ஒரு வசதி இருந்தது: லாட் எண்ணைப் போட்டால் வாங்கியவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே தடவையில் செய்தி போகும். 'பதினேழாம் லாட் விதையை விதைக்க வேண்டாம், கடைக்குக் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளவும்' என்று எழுதி அனுப்பினேன். அடுத்த நொடி என் மேஜை மேல் இருந்த கடைப் போன் மணி அடித்தது. எடுத்துப் பார்த்தேன். என் செய்தி எனக்கே வந்திருந்தது. 'வணக்கம் அஞ்சலை' என்று ஆரம்பித்தது.

திரையில் பார்த்தேன். அஞ்சலை, கெடார், 46 மூட்டை. நாற்பத்தாறு மூட்டை விதைக்க இருபத்து மூன்று ஏக்கர் வேண்டும். கெடாரில் அவ்வளவு விதைக்கிற ஒருவரை எனக்குத் தெரியும். அவர் பெயர் அஞ்சலை இல்லை, அவருக்கு மீசை இருக்கிறது.

பிரியாவுக்குப் போன் போட்டேன். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார்.

"சார், மாத்தும்போது எழுதி வச்ச கணக்குல பழைய சர்வர்ல 4,430 கஸ்டமர். புதுசுல 4,119. புது சிஸ்டம் மொபைல் நம்பரை வச்சுத்தான் ஆளை அடையாளம் பார்க்கும். ஒரே நம்பர்ல 312 பேர் இருந்திருக்காங்க. ஒரே ஆள்தான் திரும்பத் திரும்ப பதிஞ்சிருக்காங்கன்னு அதுவே சேர்த்துடுச்சு. முதல்ல இருந்த பேரு அஞ்சலை. அதான் நின்னிருக்கு."

"பிரிச்சிக் குடுங்கம்மா."

"மூலம் வேணும் சார். எங்ககிட்ட இருந்த நடுவழிப் பிரதியை நேத்தே அழிச்சிட்டோம். நீங்கதான் ஒப்பந்தத்துல..."

"தெரியும்மா. நான்தான்."

கம்ப்யூட்டரில் பதிவு செய்வது கீதா. எங்களிடம் ஒன்பது வருடமாக இருக்கிறார். அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"இது என்னா கீதா, முந்நூறு பேருக்கு நம்ம கடை நம்பரு?"

"நம்பர் இல்லாதவங்களுக்கு நம்ம நம்பர போட்டுடுவோம் சார். அந்தக் கட்டம் காலியா இருந்தா பில்லு போடாது. நீங்கதான சார் சொன்னீங்க, கூட்டத்துல நம்பர் கேட்டுக்கினு பேஜாரு பண்ணாதீங்கன்னு?"

சொன்னேன். எந்த வருடம் என்பது நினைவில்லை. சொன்னது நினைவிருக்கிறது. வாங்கினவரிடம் பில் இருக்கும், எங்களிடம் நகல் இல்லை. விதைப் பதிவேட்டை மாதக் கடைசியில்தான் அச்சடிப்போம். ஆக, அந்த 46 மூட்டையை வாங்கின ஆட்கள் யார் யார் என்பது உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது. தாமதமின்றி அழிக்கச் சொல்லி நான் எழுதிக் கொடுத்த சர்வரில்.

ராமலிங்கம் அண்ணனுக்குப் போன் போட்டால் அணைத்து வைத்திருப்பதாகச் சொன்னது. இரவு ஒன்பது வரை அதேதான் சொன்னது. மறுநாள் காலை நேரிலேயே போய்விடலாம் என்று முடிவு செய்தேன்.

எங்கள் சின்ன லோடு வண்டியில் வேறு லாட்டிலிருந்து, முளைப்புப் பார்த்த நல்ல விதை ஐம்பது மூட்டை ஏற்றிக்கொண்டோம். பட்டியல் கிடைத்தால் அப்படியே ஊர்களுக்குப் போய் மாற்றிக் கொடுத்துவிடலாம். ஓட்டுநர் ஏழுமலை கெடார் பக்கத்துக்காரர். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் 6.05க்கு நின்றோம். அங்கே அவர் கேட்டார்.

"மொதலாளி, கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சின்னா கம்ப்யூட்டர்காரன இட்டுக்கினு வரணும். நாம ஏன் மல்லாட்டைய ஏத்திக்கினு போறோம்?"

"கம்ப்யூட்டர் கெடல. அதுல இருந்த ஆளுங்க காணாம போய்ட்டாங்க."

"எத்தினி பேரு?"

"முந்நூத்திப் பதினொண்ணு."

சுங்கச் சீட்டை வாங்கிக் கண்ணாடியில் செருகினார். "இம்மாம் பேரு காணாம போயி, ஊர்ல ஒருத்தனும் தேடலியே. இன்னா ஆளுங்க மொதலாளி அவங்கல்லாம்?"

சிரிப்புக்குத்தான் கேட்டார். மயிலம் கூட்டுரோடு தாண்டும் வரை அதே கேள்வி எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

திண்டிவனம் 6.40. விழுப்புரத்திலிருந்து 38 கிலோமீட்டர், ஞாயிறு காலை என்றால் ஒரு மணி நேரம் போதும். ராமலிங்கம் அண்ணன் வீட்டில் பூட்டு. எதிர்வீட்டு அம்மா கோலம் போட்டுக்கொண்டிருந்தார்.

"பௌர்ணமியாச்சேங்க. திருவக்கரைக்குப் போயிக்கிறாரு. மாசாமாசம் போவாரு. ராத்திரி ஜோதி பாத்துட்டு அங்கியே படுத்துப்பாரு. போன அணைச்சிட்டுத்தான் போவாரு."

"எப்ப வருவாரு?"

"பதினோரு மணிக்குள்ள வந்துடணும். மாடியில இருக்கற மிஷின எடுத்துக்கினு போக ஆளு வர்றாங்கன்னு சொன்னாரு. வித்துட்டாராமே?"

அங்கே நின்றுகொண்டிருப்பதில் பயனில்லை. திருவக்கரை அங்கிருந்து 24 கிலோமீட்டர். கல்குவாரி லாரிகள் ஓடி ஓடிச் சாலை சில இடங்களில் மோசம், ஐம்பது நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். பௌர்ணமிக்கு மறுநாள் காலை எதிரே வருகிற வண்டிகள் அதிகம். கல்மரப் பூங்கா பலகையைத் தாண்டும்போது மணி 7.35. கோயில் வாசலில் ஒரு பெரிய கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. பஸ் நிற்கிற இடத்தில், வேப்பமர நிழலில், இலைத் தொன்னையில் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் ராமலிங்கம் அண்ணன். என்னைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்கினார்.

"இன்னாபா, சாமி கும்புட வந்தியா, என்ன தேடிக்கினு வந்தியா?"

"உங்களத்தாண்ணே. டேட்டாவ அழிச்சிட்டீங்களா?"

"நீதான எழுதிக் குடுத்த? டைப் அடிச்ச லெட்டர்ல 'தாமதமின்றி'ன்னு பேனாவால வேற சேத்துக் குடுத்த. உன் பட்டியல நான் வித்துடுவேன்னு பயம்."

அது உண்மைதான். பதினேழாம் லாட் விஷயத்தை மட்டும் சொன்னேன். அவர் பொங்கலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். முழுவதும் கேட்டு முடித்ததும் எழுந்து கை கழுவினார்.

"ரெண்டு டிஸ்க்கு இருக்குது. ஒண்ண வெள்ளிக்கிழம ராத்திரியே தொடச்சிட்டேன், அதுல ஒண்ணும் இல்ல. ரெண்டாவத நேத்து காலைல ஏழரைக்குப் போட்டேன். ஒம்பது மணிக்கு கரண்ட் போச்சி. மாசாந்திர பராமரிப்பு, அஞ்சி மணிக்குத்தான் வரும். நான் நாலு மணி பஸ்ஸுக்கு மெயின அணைச்சிட்டு வந்துட்டேன்."

"அப்ப ஒன்றரை மணி நேரம்தான் தொடச்சிது."

"முழுசா தொடைக்க ஆறு மணி நேரம். மொதல்லேர்ந்து தொடச்சிக்கினே போவும். உன் ஆளுங்க பின்னால இருந்தா பொழைச்சாங்க. வா, ஜல்தியா போவலாம்."

திரும்பி வரும் வழியில் மூன்று பேரும் முன்சீட்டில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். விதை மூட்டை ஒரு பள்ளத்துக்கு ஒரு தடவை பின்னால் குதித்தது. மின்தடை இல்லையென்றால் அந்தப் பெயர்கள் சனிக்கிழமை பிற்பகலே போயிருக்கும். என் புத்தி இதில் எங்கேயும் உதவவில்லை.

மாடி அறையில் 9.20க்குச் சர்வரைப் போட்டார். முதல் கால்வாசி அழிந்திருந்தது. எங்கள் சில வருடத்துப் பழைய பில்கள் போயின. அவை புதிய இடத்தில் சரியாகவே இருக்கின்றன, நட்டமில்லை. வாடிக்கையாளர் பதிவு பின்பக்கம் இருந்தது. அதை ஒரு வெளி டிஸ்க்கில் இறக்கினார். பிரியாவுக்கும் அனுப்பினார். அவர் ஞாயிற்றுக்கிழமையும் வீட்டில் கணினி முன்னால் உட்கார்ந்து காத்திருந்தார். பதினேழாம் லாட்டில் எங்கள் கடை நம்பர் போட்ட ஆட்களை மட்டும் பிரித்து அண்ணன் அச்சடித்தார். முப்பத்தொன்பது பெயர், ஒன்றரைப் பக்கம்.

"என் சர்வரு ஆளுக்கு ஒரு வரிச நம்பர் போட்டு வச்சிருந்திச்சி. அதனால பதினோரு வருசமா இது வெளிய தெரியல," என்றார். தாளை என்னிடம் கொடுக்காமல் கொஞ்ச நேரம் படித்தார். "இன்னாபா இது, நம்பர் இல்லாதவங்கன்னு பாத்தா எல்லாம் ஒரே மாதிரி தெருவுலேர்ந்தே வராங்க?"

நானும் படித்தேன். எனக்கு நன்றாகத் தெரிந்த தெருக்கள். முகவரியில் பெரும்பாலும் காலனி. கூலிவேலைக்குப் போய்க்கொண்டிருந்து, இப்போது கால் ஏக்கர், அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைக்கிற குடும்பங்கள். சொந்த நிலக்காரர்கள் ஒருவர்கூட அந்த முப்பத்தொன்பதில் இல்லை. இருப்பார் என்று நினைத்து இரண்டு தடவை பார்த்தேன்.

10.50க்கு வேலை முடிந்தது. 11.05க்குச் சர்வர் வாங்குகிறவர் வேன் வந்தது; துடைத்து முடியாத அந்த டிஸ்க்கை மட்டும் அண்ணன் கழற்றி வைத்துக்கொண்டார். அண்ணன் கையை நீட்டினார்.

"ஒரு மாச வாடக குடு. ஆறாயிரத்தி ஐந்நூறு."

கொடுத்தேன். வாழ்க்கையில் பேரம் பேசாமல் கொடுத்த தொகைகள் எனக்கு ஞாபகம் இருக்கும். இது அதில் ஒன்று.

பன்னிரண்டு மணிக்கு விழுப்புரம். பட்டியலில் எட்டுப் பேர் விழுப்புரத்தைச் சுற்றிய ஊர்க்காரர்கள். கீதாவிடம் தாளைக் காட்டினேன். அவர் படித்துவிட்டு வண்டிச் சாவியைக் கையில் எடுத்தார். "இவங்கள நான் பாத்துட்டு வர்றேன் சார்," என்று மட்டும் சொன்னார். மீதி முப்பத்தொரு பேர் திருவண்ணாமலை சாலையில்: கண்டாச்சிபுரம் பக்கம் 17, கெடாரில் 14. தூரமானதை முதலில் முடிக்கலாம் என்று 30 கிலோமீட்டர் நேராகக் கண்டாச்சிபுரம் போனோம். 12.55.

கையில் வெறும் பெயரும் ஊரும் மட்டும் என்றால் என்ன ஆகும் என்று அங்கே தெரிந்தது. பட்டியலில் முருகன் மூன்று பேர். டீக்கடையில் கேட்டால், "எந்த முருகன்? டிராக்டர் முருகனா, செங்கல் சூளை முருகனா?" என்றார்கள். அரை மணி நேரத்தில் இரண்டு பேரைத்தான் பிடித்தோம். ஏழுமலைதான் வழி சொன்னார்.

"மொதலாளி, காலனில சர்ச்சு இருக்குது. மைக்கு இருக்கும்."

சர்ச்சைக் கவனிக்கிற உபதேசியார் பூசை முடிந்து வீட்டில் சாப்பிட உட்காரப் போகிற நேரம். விஷயத்தைக் கேட்டதும் இலையை மூடி வைத்துவிட்டுச் சாவியோடு வந்தார். மைக்கை என் கையில் கொடுத்து, "நீங்களே பேசுங்க, விதை உங்களுதுதான?" என்றார். நான் பெயர் பெயராகப் படித்தேன். தவறு என்னுடையது, விதையை விதைக்க வேண்டாம், மூட்டையைக் கொண்டுவாருங்கள், வேறு தருகிறேன். அந்த மைக்கில் என் குரல் எனக்கே வேறு ஆள் குரல் மாதிரி இருந்தது.

பத்து நிமிடத்தில் சைக்கிளிலும் தலைச்சுமையிலும் மூட்டைகள் வர ஆரம்பித்தன. ஒருவர் மூட்டையைத் தொப்பென்று போட்டுவிட்டுச் சொன்னார்:

"கடையில நின்னா ஏன்னு கேக்க ஆளில்ல. இன்னிக்கி என்னாடான்னா மைக்குல பேரு சொல்லிக் கூப்புடறாரு. எலெக்சன்ல நிக்கிறீங்களா மொதலாளி?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்க வேண்டும். அவர் மூட்டையை இறக்கிய விதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகை வளைக்காமல், முழங்காலை மடித்து, தோளைச் சாய்த்து. நான் ஆறு வருடம் இறக்கிய விதம் அது. அந்த நாட்களில் மண்டியில் யாரும் என் பெயரைக் கேட்டதில்லை. 'ஏய், இங்க வா' என்றால் நான்தான்.

கண்டாச்சிபுரத்தில் பதினைந்து பேர் இன்னும் விதைக்கவில்லை. இரண்டு பேர் சனிக்கிழமையே விதைத்துவிட்டார்கள். அவர்களுக்கு விதையும் உழவுக்கூலியும் கொடுத்தோம். 3.40க்குக் கிளம்பினோம். அங்கிருந்து கெடார் 12 கிலோமீட்டர். அங்கே ஏழுமலைக்குத் தெரியாத வீடு இல்லை, மைக் தேவைப்படவில்லை. வழியெல்லாம் போன் வந்தபடி இருந்தது. கீதா எட்டுப் பேரையும் பார்த்துவிட்டார், இருவர் விதைத்துவிட்டிருந்தார்கள். பிரியா, "312 பேரும் தனித்தனியா வந்துட்டாங்க சார், இப்ப 4,430" என்றார். ஐந்து மணிக்கு என் தாளில் ஒரு பெயர்தான் மீதி. பட்டியலில் முதலில் இருந்த பெயர், கடைசியாக வந்தது.

அஞ்சலையின் வீடு பூட்டியிருந்தது. கழனியில் இருப்பதாகச் சொன்னார்கள். 5.25க்கு வரப்பில் நடந்து போனோம். அரை ஏக்கர். ஐம்பது வயது இருக்கும். மருமகளோடு வரப்போரம் உட்கார்ந்து கால் மண்ணைக் கழுவிக்கொண்டிருந்தார். கழனியில் சால் சாலாக மண் மூடியிருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"எப்பம்மா வெதச்ச?"

"காலைல ஏழு மணிக்கு ஆரம்பிச்சோம். இதோ இப்பத்தான் முடிச்சிட்டு எழுந்தோம். இன்னா மொதலாளி, ஒரு மூட்டைக்கி வண்டி போட்டுக்கினு வந்துட்டீங்க?"

சொன்னேன். நூற்றுக்கு முப்பத்தெட்டு என்றும் சொன்னேன். மருமகள் தலையில் கை வைத்துக்கொண்டார். அஞ்சலை கழனியைப் பார்த்தபடி இருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"நாளைக்குக் காலைல நாலு பொம்பளைங்கள வச்சி எடையில எடையில நல்ல வெதைய வுட்டுடறேன்," என்றார் கடைசியில். "ஈரம் புதன்கிழம வரைக்கும் தாங்கும். கூலி நீங்கதான் குடுக்கணும்."

"குடுக்கறேன். வெதையும் இருக்குது, வண்டியில."

"நேத்தே சொல்லியிருக்கலாமே. பக்கத்துக் கழனி ரெட்டியாருக்கு நேத்து சாயங்காலமே மெசேஜு வந்திச்சாம். அவுரு வெதைக்கல. எனக்கு ஏன் வரல?"

"உன்கிட்ட போன் நம்பர் இல்லன்னு..."

"யாரு சொன்னது?" மடியிலிருந்து எடுத்துக் காட்டினார். ஓரம் உடைந்த, பெரிய திரை போன். "ஆறு வருசமா இதே நம்பருதான். கடையில அந்தக் கம்ப்யூட்டர் அம்மா என்ன நிமிந்து ஒரு பார்வ பாத்திச்சி, அதுவே எதையோ அடிச்சிக்கினிச்சி. கேட்டாத்தான சொல்லுவேன்?"

இதுதான் நடந்தது. இனி, இதே வேலைக்குப் போகிறவர்களுக்குச் சில விஷயம்.

செலவு: டீசல் 1,200, சுங்கம் போக வர 210, மூன்று வேளைச் சாப்பாடும் டீயும் 480, ஏழுமலைக்குப் படி 600, ராமலிங்கம் அண்ணனுக்கு 6,500. விதையும் கூலியும் என் கணக்கில், அதை எழுதுவதில் யாருக்கும் பயன் இல்லை. திருவக்கரைக்குப் பௌர்ணமியை ஒட்டிப் போகிறீர்கள் என்றால் காலை எட்டுக்கு முன் போய்ச் சேருங்கள். கண்டாச்சிபுரம் சாலை நன்றாக இருக்கிறது.

பழைய ஹோஸ்டிங்கை மாற்றிய பிறகும் இரண்டு மாதம் வைத்திருங்கள். அந்த வாடகையை மிச்சம் பிடிக்காதீர்கள். அழிக்கச் சொல்லி எழுதித் தருகிற கடிதத்தில் தேதியைக் குறிப்பிடுங்கள், அந்தத் தேதி தூரத்தில் இருக்கட்டும். பட்டியலை யாரோ திருடுவார் என்று பயந்து இரண்டு பக்கமும் அழிக்கச் சொன்னேன். யாரும் திருடவில்லை, நானே தொலைத்தேன். புதிய மென்பொருள் ஆளை எதை வைத்து அடையாளம் காண்கிறது என்று முதல் நாளே கேளுங்கள். காலியாக விடக்கூடாத கட்டத்தில் உங்கள் ஆட்கள் எதை அடித்து நிரப்புகிறார்கள் என்று கம்பெனிக்காரர் சொல்ல மாட்டார், அவருக்குத் தெரியாது. உங்கள் கடையில் ஒரு நாள் கல்லாவை விட்டு எழுந்து கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். யாரிடம் கேட்கிறார்கள், யாரிடம் கேட்பதில்லை என்று தெரியும்.

அந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேரையும் தை முடிவதற்குள் கீதாவும் நானும் தேடிப் பிடித்துக் கேட்டோம். இருநூற்று எழுபத்து நான்கு பேரிடம் போன் இருந்தது. கீதாவை நான் குறை சொல்லவில்லை. அவருக்கு அந்தப் பழக்கத்தைக் கொடுத்தவன் நான். மண்டியில் என்னிடம் யாரும் கேட்காததை, கடை வைத்த பிறகு நானும் யாரிடமும் கேட்கவில்லை.

கடைசியாக ஒன்று. மாற்றம் சரியாக நடந்ததா என்று பார்க்கும்போது மொத்தத் தொகையோடு நிறுத்தாதீர்கள். பட்டியலில் ஆகச் சின்னதாக வாங்கிய ஒருவரின் பெயரை எடுத்து அந்த எண்ணுக்கு நீங்களே போன் போட்டுப் பாருங்கள். நான் அன்று மாலை கெடார் கழனி வரப்பில் நின்று, அஞ்சலை சொல்லச் சொல்ல எண்ணை என் போனிலிருந்தே, என் கையால் புதிய பதிவில் ஏற்றினேன். ஏற்றிய பிறகு அந்த எண்ணை அழுத்தினேன். அவர் மடியில் மணி அடித்தது. எடுத்து, எதிரே நிற்கிற என்னைப் பார்த்துக்கொண்டே, "ஆங், சொல்லுங்க, அஞ்சலைதான் பேசறேன்," என்றார்.